ஒலியை முந்தும் காற்றும் ஒரு சிறு குழாயும்

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் இரயிலில் ஏறினால், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி ஆகிய ஊர்களைக் கடந்து கும்மிடிப்பூண்டியை அடையலாம். எஃகும் வார்ப்பும் இயந்திர உறுப்புகளும் உருவாகும் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. அதற்குக் கிழக்கிலும் வடக்கிலும் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பகுதியும் ஆந்திரத்தில் பெரும்பகுதியுமாக அமைந்த இவ்வுவர்நீர் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்தீவே ஸ்ரீஹரிகோட்டா. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அன்று முதல் இப்பகுதி மக்கள் கீழ்வானத்தில் தீப்பிழம்பு ஒன்று எழுவதைக் கண்டு பழகியிருக்கின்றனர்.

அவர்கள் கண்டு பழகிய மற்றொன்றும் உண்டு. பிழம்பு முதலில் தெரிகிறது. முழக்கம் பின்னரே வருகிறது. காற்றில் ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே 30 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவர் செவிக்கு அம்முழக்கம் எட்ட ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் அந்த ராக்கெட் ஒலியின் வேகத்தைக் கடந்து போயிருக்கும். ஒலியை முந்திச் செல்லும் பொருளைச் சுற்றிக் காற்று எவ்வாறு நடந்துகொள்கிறது? அந்தக் காற்றின் அழுத்தத்தை அளக்க ஒரு கருவியை நீட்டினால், அக்கருவி உண்மையைச் சொல்லுமா? இவையே இன்று நாம் ஆராயப் புகும் வினாக்கள்.

2016ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் காலை 7 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புதுமையான ஊர்தி ஒன்று ஏவப்பட்டது. இறக்கைகளுடன் சிறு விமானம்போல் தோன்றிய அதனை ஒரு ராக்கெட் சுமந்து சென்றது. 56 கிலோமீட்டர் உயரத்தில் ராக்கெட்டைவிட்டுப் பிரிந்து, 65 கிலோமீட்டர் வரை எழும்பி, ஒலியைப்போல் சுமார் 5 மடங்கு வேகத்தில் அது காற்று மண்டலத்துள் இறங்கியது. ஏவிடத்திலிருந்து 450 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலின்மேல் குறித்த இடத்தை அடைந்தது. விண்ணுக்குச் சென்று திரும்பி, மீண்டும் பயன்படக்கூடிய ஊர்தியைச் செய்வதற்கு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்த முதற்படி அது.

இறக்கையுள்ள ஊர்தி தன் வேகத்தை அறிந்தாக வேண்டும். தரையைப் பொறுத்த வேகத்தை ராடாரும் பிற கருவிகளும் சொல்லிவிடும். ஆனால் இறக்கையைத் தாங்குவது தரையன்று, காற்று. சுக்கானை எத்தனை பாகை திருப்பினால் ஊர்தி எவ்வளவு திரும்பும் என்பது, அதன்மீது மோதும் காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது. ஒரு வேகத்தில் மெல்லத் திருப்பும் அசைவே மற்றொரு வேகத்தில் ஊர்தியை முறித்துவிடக் கூடும். ஆகவே காற்றைப் பொறுத்த வேகத்தைக் காற்றிடமே கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்கும் வழியைத்தான் 1732ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஆன்றி பிட்டோ கண்டறிந்தார்.

பிட்டோவின் கருவி மிக எளியது. பாரிசு நகரில் ஓடும் சேன் ஆற்றின் ஓட்டத்தை அளக்க அவர் விரும்பினார். கீழ்முனை வளைந்த ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அதன் வாய் ஓட்டத்தை எதிர்நோக்குமாறு நீரில் அமிழ்த்தினார். ஓடிவந்த நீர் குழாயின் வாயில் நின்றுவிட வேண்டியதாயிற்று. நின்ற நீர் தன் வேகத்தை அழுத்தமாக மாற்றிக்கொண்டு குழாயினுள் உயர்ந்தது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் இவ்வாறு சுமார் 20 சென்டிமீட்டர் உயரும். வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். மழைக்காலத்தில் ஆரணியாற்றிலோ ஒரு வாய்க்காலிலோ, ஆழமில்லாத கரையோரத்தில், பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வளைத்த கண்ணாடிக் குழாயால் நீங்களே இதனைச் செய்து பார்க்கலாம்.

இதே குழாயைக் காற்றுக்கு எதிரே நீட்டினாலும் இதுவே நிகழும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் புயற்காற்று, குழாயின் வாயில் நிற்கும்போது 48 மில்லிமீட்டர் நீர்மட்டத்தைத் தாங்கும் அளவு கூடுதல் அழுத்தத்தைத் தரும். ஓடிவரும் காற்றை நிறுத்தினால் கிடைக்கும் இவ்வழுத்தத்தை முழு அழுத்தம் என்போம். காற்றை நிறுத்தாமல், அதன் ஓட்டத்திற்குப் பக்கவாட்டில் ஒரு துளை வைத்து அளந்தால் கிடைப்பது நிலை அழுத்தம். காற்றோடு கூடவே மிதந்து செல்லும் ஒருவர் உணரக்கூடிய அழுத்தம் அதுவே. முழு அழுத்தத்திலிருந்து நிலை அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது வேகத்தின் பங்கு. விமானங்களின் முன்புறத்தில் நீண்டு நிற்கும் சிறு குழாய்களைக் கண்டிருப்பீர்கள். பிட்டோ ஆற்றில் அமிழ்த்திய குழாயின் வழித்தோன்றல்களே அவை.

இதுவரை எல்லாம் எளிமையே. ஆனால் இக்கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின்மீது நிற்கிறது: குழாயை நோக்கி வரும் காற்று, முன்னே ஒரு தடை இருப்பதை அறிந்து, படிப்படியாக வேகம் குறைந்து அமைதியாக நிற்க வேண்டும். காற்று எவ்வாறு ஒன்றை அறியும் என்று நீங்கள் வியக்கலாம். காற்றினூடே செய்தி சொல்வது ஒலிதான். ஓரிடத்தில் ஏற்படும் அழுத்த மாற்றம் அருகிலுள்ள காற்றைத் தள்ள, அது தன் பக்கத்துக் காற்றைத் தள்ள, இவ்வாறு அச்செய்தி ஒலியின் வேகத்திலேயே நாற்புறமும் பரவுகிறது. குழாய் நிற்கிறது என்னும் செய்தி காற்றின் ஓட்டத்தை எதிர்த்து முன்னேறிச் சென்று, வரும் காற்றுக்கு எச்சரிக்கை தருகிறது. காற்றும் விலகவும் தணியவும் நேரம் பெறுகிறது.

காற்று ஒலியைவிட விரைந்து வந்தால்? எதிர்நீச்சலிடும் செய்தியை ஓட்டமே அடித்துச் சென்றுவிடும். வரும் காற்றுக்கு முன்னறிவிப்பே இல்லை. குழாயை நெருங்கிய பின்னரே அது தடையை உணர்கிறது. உணர்ந்த இடத்திலேயே, கண்ணிமைக்கும் பொழுதினும் மிகக் குறைந்த நேரத்தில், மாறிவிடுகிறது. அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை ஆகிய மூன்றும் திடீரெனத் தாவுகின்றன. வேகம் சட்டென விழுகிறது. இத்தாவல் நிகழும் மெல்லிய திரைக்கு அதிர்ச்சி அலை என்று பெயர். நாம் வாழும் தரைமட்டக் காற்றில் அத்திரையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

காற்றின் வேகம் அவ்விடத்து ஒலிவேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்று கூறும் எண்ணே மாக் எண். ஆஸ்திரிய அறிஞர் எர்ன்ஸ்ட் மாக்கும் அவருடைய துணைவர் பீட்டர் சால்ச்சரும், பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன்னே வளைந்து நிற்கும் அதிர்ச்சி அலையை நிழற்படமாகப் பிடித்து 1887இல் வெளியிட்டனர். அவர் பெயரால் அவ்வெண் அழைக்கப்படுகிறது. மாக் 2 என்றால் ஒலியைப்போல் இரு மடங்கு வேகம். உயரே செல்லச் செல்லக் காற்று குளிர்வதால் ஒலியின் வேகமும் குறையும். 11 கிலோமீட்டர் உயரத்தில் அது நொடிக்கு 295 மீட்டர் அளவே.

அதிர்ச்சி அலையைக் கண்ணால் காண வேண்டுமா? காற்றில் காண்பது அரிது. ஆனால் அதன் உடன்பிறப்பை நீரில் காணலாம். ஆழமற்ற நீரில் அலைகள் குறிப்பிட்ட வேகத்தில்தான் செல்லும். 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில் அவ்வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவு. நீர் அதனினும் விரைந்து ஓடினால், காற்றில் ஒலிக்கு நேர்வதே அங்கு அலைக்கு நேர்கிறது. செய்தி எதிரேறிச் செல்ல இயலாது. கொற்றலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை உங்களிற் பலர் கண்டிருக்கலாம். இத்தகைய அணைகளில் மதகு திறக்கும்போது வழுக்கி இறங்கும் நீர் மெல்லிய தகடுபோல் விரைந்து வருகிறது. பின்னர் ஓரிடத்தில் திடீரென நுரைத்துத் தடித்து எழுந்து, அதற்கப்பால் மெல்ல ஓடுகிறது. பொறியாளர்கள் இதனை நீர்த்தாவல் என்பர். வீட்டிலே குழாயடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். தாரை விழும் இடத்தைச் சுற்றி மென்மையான வட்டமும், அதன் விளிம்பில் வரம்புபோல் உயர்ந்த நீரும் தோன்றும். அவ்வரம்பும் நீர்த்தாவலே. விரைந்த மெல்லிய ஓட்டம் மெதுவான தடித்த ஓட்டமாக மாறும் எல்லை அது. அவ்வெல்லையில் நீர் நுரைத்துச் சுழல்வதைக் கவனியுங்கள். ஒழுங்காக ஓடி வந்த ஆற்றலில் ஒரு பகுதி அந்தச் சுழற்சியில் வீணாகிறது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு விரைவில் வேண்டியிருக்கும்.

இப்பொழுது பிட்டோ குழாயை மாக் 2 வேகத்தில் வரும் காற்றின் எதிரே நீட்டுவோம். குழாய் நீண்டவுடனே அதன் வாய்க்குச் சற்று முன்பாக வில்போல் வளைந்த அதிர்ச்சி அலை ஒன்று எழுந்து நிற்கிறது. அலையைக் கடக்கும்போது காற்றின் நிலை அழுத்தம் 4.5 மடங்காகிறது, அடர்த்தி 2.67 மடங்காகிறது, வேகமோ முன்பிருந்ததில் எட்டில் மூன்று பங்காகக் குறைகிறது. இவ்வாறு அடிபட்ட காற்றே எஞ்சிய வேகத்தோடு வந்து குழாயின் வாயில் நிற்கிறது. அதாவது, நாம் அளக்க விரும்பியது அலைக்கு முன்னுள்ள காற்றை; குழாய் அளப்பதோ அலைக்குப் பின்னுள்ள காற்றை. குழாய் இல்லாவிடில் அந்த அலையே இல்லை. அளக்க வந்த கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிட்டது!

இம்மாற்றம் சிறிதன்று. அலையின் சுழற்சியிலே முழு அழுத்தத்தில் ஒரு பகுதி மீளாதபடி இழக்கப்படுகிறது. மாக் 1.5 வேகத்தில் குழாய் காட்டுவது, காற்று உண்மையில் கொண்டிருந்த முழு அழுத்தத்தில் நூற்றுக்கு 93 பங்கு. மாக் 2இல் 72 பங்கு. மாக் 3இல் 33 பங்கு. மாக் 5இலோ வெறும் 6 பங்கு. ஆற்றல் அழிந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆற்றல் அழியாது. ஒழுங்கான ஓட்டமாக இருந்தது ஒழுங்கற்ற வெப்ப இயக்கமாக மாறிவிட்டது. மீண்டும் அழுத்தமாகத் திரட்ட இயலாத நிலையை அடைந்துவிட்டது. அணையடியில் நுரைத்த நீருக்கு நேர்ந்ததும் இத்தகையதே.

இதனை அறியாத ஒருவர் பழைய கணக்கையே பயன்படுத்தினால் என்ன ஆகும்? மாக் 3 வேகத்தில் குழாயின் அழுத்தம் நிலை அழுத்தத்தைப்போல் 12.06 மடங்கு இருக்கும். அதிர்ச்சி அலை இல்லாத ஓட்டத்திற்குரிய வாய்பாட்டில் அவ்வெண்ணை இட்டால் விடை மாக் 2.28 என்று வரும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பிழை. கருவியில் பழுதில்லை; குழாயில் அடைப்பில்லை; எண்ணைப் படித்ததிலும் தவறில்லை. ஆயினும் விடை பொய். கருவி சொன்ன விடை எந்த வினாவுக்கு உரியது என்பதை உணராமையே இப்பிழையின் காரணம்.

இதற்குத் தீர்வு யாது? அலை தோன்றாதபடி ஒரு குழாயைச் செய்தல் கூடுமா? எவ்வளவு சிறிதாகச் செய்தாலும், அதன் வாயில் காற்று நின்றாக வேண்டும். ஒலியை முந்தும் காற்று அலையின்றி அவ்வாறு நிற்காது. ஆகவே அறிஞர்கள் வேறு வழியில் சென்றனர். அலையை ஒழிக்க முயலாமல், அது காற்றை எவ்வளவு மாற்றுகிறது என்பதைத் துல்லியமாகக் கணக்கிட்டனர். அலையின் இரு புறத்திலும் பொருண்மை குறையவோ கூடவோ இயலாது. உந்தத்தின் கணக்கு நேராக வேண்டும். ஆற்றலின் கணக்கும் நேராக வேண்டும். இம்மூன்று விதிகளைக் கொண்டு ஸ்காட்லாந்து அறிஞர் ரேங்கினும், பிரெஞ்சு அறிஞர் ஊகோனியோவும் 19ஆம் நூற்றாண்டிலேயே அலையின் கணக்கை வகுத்தனர். வளைந்த அலையாயினும் குழாயின் வாய்க்கு நேரெதிரே உள்ள சிறு பகுதி ஓட்டத்திற்குச் செங்குத்தாகவே நிற்கிறது. குழாய்க்குள் புகும் காற்று அப்பகுதியைத்தான் கடந்து வருகிறது. இந்த நல்வாய்ப்பைக் கொண்டு, 1910இல் ராலே பிரபு ஒரு வாய்பாட்டைத் தந்தார். அலைக்குப் பின் குழாய் காட்டும் அழுத்தத்தை, அலைக்கு முன்னுள்ள நிலை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண், மாக் எண்ணை மட்டுமே பொறுத்தது. அவ்வெண் 1.89 என்றால் மாக் 1, 3.41 என்றால் மாக் 1.5, 5.64 என்றால் மாக் 2, 12.06 என்றால் மாக் 3. இன்றும் உலகெங்கும் இவ்வாய்பாடே பயன்படுகிறது.

ஆனால் வகுப்பதற்கு நிலை அழுத்தம் வேண்டுமே! அதனை அளப்பது இன்னும் நுட்பமான வேலை. அதற்கென ஊசிபோல் கூர்ந்த முனையுடைய நீண்ட மெல்லிய குழாயைச் செய்கின்றனர். கூர்முனையில் எழும் அலை சாய்ந்தும் வலிமை குறைந்தும் இருக்கும். முனையைத் தாண்டித் தோள்பட்டை போன்ற இடத்தில் காற்று விரிவதால் அழுத்தம் சற்றே தாழும். பின்னர்க் குழாயின் நேரான உடலை ஒட்டிச் செல்லச் செல்ல மெல்ல மீண்டு, தடையற்ற காற்றின் அழுத்தத்தை நெருங்கும். குழாயின் விட்டத்தைப்போல் 10 மடங்குக்கு மேற்பட்ட தொலைவில் பக்கத் துளைகளை இட்டால், அவை ஏறக்குறைய உண்மையான நிலை அழுத்தத்தைக் காட்டும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் கடைசல் இயந்திரத்தின்முன் நிற்கும் மாணவர்கள் இதனைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். அத்துளைகள் குழாயின் பரப்புக்குச் செங்குத்தாக இருத்தல் வேண்டும். துளையிடும்போது விளிம்பில் எழும் பிசிரை முற்றிலும் நீக்க வேண்டும். நீக்கும்போது விளிம்பை மழுக்கிவிடவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பிசிர் ஒன்று காற்றைச் சற்றே தூக்கிவிட்டாலும் அழுத்தம் மாறும். அழுத்தம் மாறினால் மாக் எண் மாறும். ராலேயின் வாய்பாடு எவ்வளவு சரியாக இருந்தாலும், துளையிட்டவர் கை பிசகினால் விடை பிசகும். கணக்கறிஞரும் கைவினைஞரும் இவ்வாய்வில் சம பங்காளிகள்.

குழாய் ஓட்டத்திற்கு நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால் என்ன செய்வது? அச்சாய்வையே அளக்கவும் ஒரு வழி உண்டு. கூம்பு வடிவ முனையின் நடுவே ஒரு துளையும், சரிவில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு துளைகளும் இடுகின்றனர். காற்று நேராக வந்தால் எதிரெதிர்த் துளைகளின் அழுத்தம் சமமாக இருக்கும். சற்றே சாய்ந்து வந்தால், காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தின் அழுத்தம் கூடும், மறுபக்கம் குறையும். அவ்வேறுபாட்டைக் கொண்டு, காற்று வரும் திசையை அறிகின்றனர்.

இத்தகைய குழாய்களை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் வானமன்று, காற்றுச் சுரங்கம். அங்கே பொருள் நிலையாக நிற்க, காற்று அதனை நோக்கி விரைந்து வருகிறது. இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர்களில் தலையாயவர் சதீஷ் தவான். அமெரிக்காவில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு செய்து 1951இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு வந்த அவர், ஒலியை மிஞ்சும் காற்றோட்டத்தை உண்டாக்கும் நாட்டின் முதல் காற்றுச் சுரங்கத்தை அங்கே அமைத்தார். பின்னர் 1967இல் பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆய்வகத்தில் 1.2 மீட்டர் அகலமுள்ள பெரிய காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. மாக் 0.2 முதல் மாக் 4 வரை காற்றை ஓடச்செய்ய வல்லது அது. பெரிய கலங்களில் அழுத்தி அடைத்து வைத்த காற்றைத் திறந்துவிட்டு இயக்கும் சுரங்கமாதலால், ஓர் ஓட்டம் சில நொடிகளே நீடிக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் அழுத்தங்கள் அனைத்தும் பதிவாக வேண்டும். துளைக்கும் மானிக்கும் இடையே குழாய் நீளமாகவும் குறுகியதாகவும் இருந்தால், அழுத்தம் சென்று நிலைபெறுவதற்குள் காற்றே தீர்ந்துவிடும். ஆகவே அழுத்தத்தை மின்குறிப்பாக மாற்றும் உணர்கருவிகளைத் துளைகளுக்கு மிக அருகிலேயே வைக்கின்றனர்.

இதே தவான் 1972 முதல் 1984 வரை விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக விளங்கினார். பழவேற்காட்டு ஏரியின் பறவைகள் பறக்கும் விதத்தை ஆர்வத்தோடு கவனித்தவர். பறவைகளின் பறத்தலைப்பற்றி ஒரு நூலும் எழுதியவர். 2002ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின், ஸ்ரீஹரிகோட்டா மையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

சுரங்கத்தில் தேறிய குழாயும் வானத்தில் புதிய இடர்களைச் சந்திக்கிறது. 1947ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், அமெரிக்க விமானி சக் யேகர், மட்டமாகப் பறக்கும் நிலையில் ஒலியின் வேகத்தை முதன்முதலாகக் கடந்தார். அவருடைய மாக் மானியின் முள் 0.98இல் ஒரு கணம் தடுமாறி, பின்னர் அளவுத்தட்டின் எல்லையையே கடந்து சென்றுவிட்டது. ஒலியின் வேகத்தை ஒட்டிய அந்நிலையில், விமானத்தின் அதிர்ச்சி அலை நிலை அழுத்தத் துளைகளைத் தாண்டிச் செல்லும்போது, அவை காட்டும் அழுத்தம் திடீரென மாறுவதுண்டு. விமானம் சீராகவே செல்லும். முள் மட்டும் துள்ளும். இதனை அறிந்த விமானி அஞ்சமாட்டார்.

வேகம் இன்னும் கூடினால் வெப்பம் பகையாகிறது. மாக் 5 வேகத்தில் வரும் காற்று நின்றால், அதன் வெப்பநிலை தனி அளவில் 6 மடங்காகும். 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பம் உறைநிலைக்கும் கீழே ஏறத்தாழ 47 பாகை செல்சியசு. அதே காற்று குழாயின் வாயில் நின்றால் ஆயிரம் பாகைக்கு மேல் சூடேறும். மெல்லிய குழாயை நீட்டி வைப்பது இங்கே ஆபத்து. அமெரிக்காவின் விண்ணோடங்கள் தம் அழுத்தக் குழாய்களை உடலுக்குள் மறைத்து வைத்திருந்து, வேகம் மாக் 5 அளவுக்குக் குறைந்த பின்னரே வெளியே நீட்டின. மற்றொரு வழியும் உண்டு. குழாயே வேண்டாம், ஊர்தியின் மழுங்கிய மூக்கிலேயே, பரப்போடு பரப்பாகச் சில துளைகளை இட்டு, மூக்கு முழுவதையுமே ஓர் அளவுகருவியாக்கிவிடலாம். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தினர், 2016இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இறக்கையூர்திக்கு உருவாக்கியது இம்முறையே. ஒவ்வொரு துளையும் வெவ்வேறு அழுத்தம் காட்டும். அவற்றைக் காற்றுச் சுரங்கத்தில் முன்னரே அளந்து வைத்த அட்டவணைகளோடு ஒப்பிட்டு, வேகம், சாய்வு, நிலை அழுத்தம் ஆகியவற்றைக் கணிப்பொறி ஒருசேரக் கணக்கிடுகிறது. முன்னிற்கும் அதிர்ச்சி அலையும் அக்கணக்கில் அடங்கிவிடுகிறது.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்து நுட்பங்கள், நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டா. குழாய் பொய் சொன்னால் உயிர்கள் போகும். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட ஒரு பயணி விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். பிட்டோ குழாய் ஒன்று அடைபட்டுத் தவறான வேகம் காட்டியதே விபத்தின் தொடக்கம். பூச்சிக்கூடு அடைத்திருக்கக்கூடும் என்று ஆராய்ந்தோர் கருதினர். 2009ஆம் ஆண்டு சூன் 1ஆம் நாள், பிரேசிலிலிருந்து பாரிசுக்குச் சென்ற விமானத்தின் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. வேகக் கணக்குக் குழம்பியது. தானியங்கி விமானி விலகிக்கொண்டது. குழப்பத்தில் விமானிகள் விமானத்தின் மூக்கை உயர்த்த, அது தாங்கும் விசையை இழந்து அட்லாண்டிக் கடலில் வீழ்ந்தது. 228 பேர் மாண்டனர். இவ்விரண்டும் ஒலியின் வேகத்திற்கு உட்பட்டே பறந்த விமானங்கள். அங்கே அதிர்ச்சி அலையின் சிக்கல் இல்லை. ஒரு விரல் அளவுள்ள துளையின் சிக்கலே. தரையில் நிற்கும் விமானத்தின் பிட்டோ குழாய்க்கு உறை மாட்டி, அதில் சிவப்பு நாடா தொங்கவிட்டிருப்பதும், பறக்கும் முன் அதனை மறவாமல் நீக்குவதும், குழாயைச் சூடாக்க மின்கம்பி வைப்பதும் வீண் சடங்குகள் அல்ல.

மாணவ நண்பர்களே, வெந்நீரின் சூட்டை அறிய வெப்பமானியை இட்டால், அம்மானி சிறிது சூட்டைத் தானே எடுத்துக்கொள்கிறது. மின்னோட்டத்தை அறிய அம்மீட்டரை இணைத்தால், அதன் தடையால் மின்னோட்டம் சிறிது குறைகிறது. ஒலியை முந்தும் காற்றின் முன் நீட்டிய குழாயில் இவ்வுண்மை மிகப் பெரிதாகத் தெரிகிறது. மாக் 5இல் நூற்றுக்கு 94 பங்கு முழு அழுத்தத்தை அலை விழுங்கிவிடுகிறது. அப்படியிருந்தும் எஞ்சிய 6 பங்கைக் கொண்டே உண்மையைக் கண்டுவிடுகிறோம். எதனையும் தொடாமல் அளக்கும் கருவிக்காகக் காத்திருந்திருந்தால், அந்த ஊர்தி ஸ்ரீஹரிகோட்டாவை விட்டு எழுந்திருக்காது. தம் கருவி எதை, எவ்வளவு, ஏன் மாற்றுகிறது என்று அறிந்துகொண்டவர்கள் செய்த அளவையே அதனை வழிநடத்தத் துணையாயிற்று.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஒரு மானியின் முள்ளைப் படித்து எண்ணை ஏட்டில் எழுதும்போது, அதன் பக்கத்தில் மற்றொரு வரியையும் எழுதிப் பழகுங்கள்: இந்தக் கருவியை நான் இங்கே வைத்ததால் என்ன மாறியது? அவ்வினாவுக்கு எண்ணால் விடை சொல்ல முடிந்த நாளில் நீங்கள் அளக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்று கொள்ளலாம்.